சேலம், 1692: வைராக்கியம் மட்டும் போதுமா?

பக்திவைராக்கியம் எண்டால் சபைகளில் எப்பவும் நல்ல சொல்தான். ஆனால் அதே வைராக்கியம் ஒரே வருடத்தில் 20 பேரின் உயிரை எடுத்ததும் வரலாற்றில் இருக்கிறது. இடம் சேலம். தமிழ்நாட்டுச் சேலம் இல்லை. அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம்.

அங்கே வாழ்ந்த பியூரிட்டன்கள் ஏனோதானோ கிறிஸ்தவர்கள் இல்லை. வேதத்தின்படி ஒரு சமூகத்தையே கட்ட வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். 1692 தொடக்கத்தில் சேலம் கிராமப் போதகரின் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு விளங்காத வலிப்புகள் வந்தன. சூனியம்தான் என்று முடிவாயிற்று. பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவர, 150 பேருக்கும் மேல் குற்றஞ்சாட்டப்பட்டார்கள்.

சாட்சியம் என்ன தெரியுமா? இன்னாரின் உருவம் வந்து தன்னை வதைக்கிறது என்று பாதிக்கப்பட்டவர் சொல்வார். அந்த உருவம் வேறு ஒருவர் கண்ணுக்கும் தெரியாது!

ரெபேக்கா நேர்ஸ் என்ற மூதாட்டிக்கு 71 வயது. சபையில் மதிக்கப்பட்டவர். அயலவர்கள் 39 பேர் அவருக்காகக் கையெழுத்து வைத்தார்கள். யூரிகளும் முதலில் குற்றமற்றவர் என்றே சொன்னார்கள். ஆனால் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவ்ட்டன், அவர் சொன்ன ஒரு வார்த்தையை மறுபடி யோசிக்கச் சொன்னார். அதற்கு விளக்கம் கேட்டபோது, காது மந்தமான அந்த அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. பதில் வராததால் தீர்ப்பு மாறியது. ஜூலை 19இல் தூக்கு.

பகுத்தறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். ஜூன் 15இல் போதகர்கள் கொடுத்த ஆலோசனையில், உருவச் சாட்சியத்தை மட்டும் நம்பவேண்டாம் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆனால் அதே கடிதத்தின் முடிவில், குற்றவாளிகள் மீது விரைவாகவும் கடுமையாகவும் நடவடிக்கை எடுங்கள் என்றும் இருந்தது. நீதிபதிகள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லைத்தானே.

இதில் இன்னொரு கொடுமை. சூனியக்காரி என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் தூக்கிலேறவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவர்கள்தான் செத்தார்கள். ரெபேக்காவின் தங்கை மேரி ஈஸ்ட்டி, சாவதற்கு முன் நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். தன் உயிரைக் கேட்கவில்லை. இனிக் குற்றமற்ற இரத்தம் சிந்தப்படக்கூடாது, நீங்கள் போகும் வழி பிழை என்றார். அந்த மன்றத்தில் உண்மையான பகுத்தறிதல் இருந்தது குற்றவாளிக் கூண்டில்தான்.

ஒக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தை நிறுத்தினார். 1697 ஜனவரியில், நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், பொஸ்டன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். ஸ்டவ்ட்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே வேதத்தைத்தான் வாசித்தவர்கள். வைராக்கியத்திலும் குறைவில்லை. சூவலிடம் இருந்தது ஒரு கேள்வி மட்டும்: நான் பிழையாக இருந்தால்? ஆவிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சேலம் அடுத்தவரைச் சோதிக்கும் அனுமதியாக எடுத்துக்கொண்டது. முதலில் சோதிக்க வேண்டியது நமக்குள் எரிகிற நெருப்பை. அது வெளிச்சம் தருகிறதா, ஆளை எரிக்கிறதா என்று பார்க்காத வைராக்கியம், எவ்வளவு செபித்தாலும் ஆபத்தானதுதான்.