ராடும் டங்ஸ்டனும்: பொதுப் பட்டறையில் இரண்டு வெல்டிங் முறைகள்

பலர் சேர்ந்து புழங்கும் பட்டறைக்கு வெல்டிங் மெஷின் வாங்கும் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஆர்க் வெல்டிங் போதும் என்பது ஒரு கட்சி. ராடு, ஹோல்டர், எர்த் கிளாம்ப் இருந்தால் கேட் முதல் மேசைக்கால் வரை எல்லாம் பண்ணிவிடலாம் என்பார்கள். இன்னொரு கட்சி டிக் கேட்கும். நம் ஊரில் ஆர்கான் வெல்டிங் என்று சொன்னால்தான் பலருக்கும் புரியும். எவர்சில்வர், அலுமினியம், மெல்லிய பைப் என்று எதையும் பிசிறில்லாமல் இணைப்பது அது. இரண்டின் விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் ஏராளம். மெஷின் பல கை மாறும் இடத்தில் இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் நான் இங்கே பார்க்க விரும்புகிறேன். முன்னால் வேலை செய்தவர் விட்டுப்போன குறையை ராடு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். டிக் அதை அப்படியே அடுத்தவர் தலையில் இறக்கிவிடும்.

இதற்குக் காரணம் இரண்டின் பிறப்பிலேயே இருக்கிறது. கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்து வந்த ஸ்வீடன் பொறியாளர் ஆஸ்கர் ஷெல்பெர்க், வெறும் கம்பியால் போட்ட வெல்டில் திருப்தி இல்லாமல் கம்பியின் மேல் பூச்சு கொடுத்தார். 1904-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஈசாப். எரியும் பூச்சு வாயுவாகவும் ஸ்லாக்காகவும் மாறி, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கிறது. மின்முனை, நிரப்பும் உலோகம், காப்பு மூன்றும் ஒரே குச்சிக்குள் அடங்கிவிட்டன. தீர்ந்த துண்டை எறிந்துவிட்டு அடுத்த ராடை மாட்டினால் எல்லாமே புதிதாகத் தொடங்கும்.

டிக் விமானத் தொழிற்சாலையில் பிறந்தது. 1941-இல் அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனத்தில், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்க வழி தேடிய ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் பாய்ச்சினார். மறு ஆண்டே காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு ஹீலியத்தின் இடத்தைப் பெருமளவு ஆர்கான் பிடித்துக்கொண்டது. இந்த முறையில் மின்முனை உருகாது, உருகவும் கூடாது. டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். காலையில் ஒருவர் பிடித்த அதே முனையைத்தான் மாலையில் இன்னொருவர் பிடிக்கிறார்.

அந்த முனையைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். நல்ல டங்ஸ்டன் பென்சில்போலக் கூராக, பளபளப்பாக இருக்கும். கிரைண்டிங் கோடுகள் அதன் நீளவாக்கில் ஓடும். பழகாத கை ஒரு கணம் தாழ்ந்து முனை உருகிய குளத்தில் பட்டுவிட்டால் போதும், இரும்பு அதில் ஏறிக்கொள்ளும். கூர் மழுங்கிக் கறுத்து மொட்டுபோலத் திரளும். அதன்பின் ஆர்க் நேராக இறங்காது, பக்கவாட்டில் அலையும். முனையைத் தீட்டாமல் ஒருவர் போய்விட்டால், அடுத்து வருபவர் மெஷின்மேல் சந்தேகப்பட்டு ஆம்ப்பியரை ஏற்றுவார், தகடு ஓட்டையாகும். தீட்டுவதிலும் சிக்கல் உண்டு. இரும்பும் அலுமினியமும் தேய்த்த அதே கல்லில் டங்ஸ்டனைத் தீட்டினால் அழுக்கு முனையில் படிந்துவிடும். டங்ஸ்டனுக்கென்று தனிக் கல் வைப்பது அவசியம். சிவப்பு வண்ணக் குறி போட்ட டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது. அது லேசான கதிர்வீச்சுப் பொருள், தீட்டும் தூசி எல்லோர் மூச்சிலும் போகும். பொதுப் பட்டறைக்கு லாந்தனம் கலந்ததையே வாங்குங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் செய்யும் இன்வெர்ட்டர் மெஷினைத்தான் பல இடங்களில் வாங்குகிறார்கள். பணத்துக்கு நல்ல முடிவுதான். ஆனால் பிளஸ், மைனஸ் இணைப்பில் இரண்டு முறைகளும் மோதும். ராடு போடுபவர் பெரும்பாலும் ஹோல்டரை பிளஸ்ஸில் செருகுவார். இரும்பு, எவர்சில்வர் வேலைக்கு டிக் டார்ச் மைனஸில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்பத்தின் பெரும்பங்கு தகட்டுக்குப் போகும். பழைய இணைப்பைப் பார்க்காமல் டார்ச்சை பிளஸ்ஸில் செருகிவிட்டால் வெப்பம் டங்ஸ்டன் பக்கம் திரும்பி, முனை உருண்டையாகிவிடும். இதே குளறுபடி மறுபக்கம் நடந்தால் சாதாரண 6013 ராடு சமாளித்துக்கொள்ளும், அது எந்தப் பக்கமும் எரியும்.

வாயுவுக்கு வருவோம். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7 கன மீட்டர் ஆர்கான் இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் 14 மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக வரும். வேலை முடிந்து வால்வை மூடாமல் போனால், ஹோஸில் சிறு கசிவு இருந்தாலும் போதும், மறுநாள் வருபவருக்குச் சிலிண்டர் காலி. ராடு வேலையில் இந்தத் தகராறே இல்லை. அவரவர் பாக்கெட்டை அவரவர் கொண்டுவரலாம். ராடுக்குள்ள பலவீனம் ஈரம். சென்னை மாதிரி ஊரில் திறந்துகிடக்கும் பாக்கெட் சீக்கிரம் நமத்துவிடும். 7018 வகை ராடைச் சூடேற்றி உலர்த்தாமல் போட்டால் வெல்டில் ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசல் விடும்.

இன்னொரு எதிரி மின்விசிறி. வெயில் காலத்தில் பட்டறையில் யாராவது அதைப் போடாமல் இருக்க மாட்டார்கள். ராடு அதைப் பொருட்படுத்துவதில்லை, மொட்டை மாடியிலேயே எரிகிற சாதனம் அது. டிக்கிலோ ஆர்கான் போர்வை கலைந்து, வெல்டு முழுக்க ஊசித் துளைகளாகிவிடும்.

பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு எது நல்லது? இதில் டிக் ஒரு படி மேல்தான். தீப்பொறி தெறிக்காது, புகை குறைவு. எவர்சில்வரை ராடால் வெல்டு செய்யும்போது புகையில் ஆறு இணைதிற குரோமியம் வரும், டிக்கில் அது மிகக் குறைவு. வெல்டிங் புகையும் வெல்டிங்கிலிருந்து வரும் புறஊதாக் கதிரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் வகைப்படுத்தியது. அதனால் புகை குறைவது சின்ன விஷயமில்லை. ஆனால் ராடு சடசடத்துத் தன் இருப்பைச் சொல்லிவிடும். டிக் ஏறக்குறைய ஓசையில்லாமல் எரியும். மறைக்கும் புகையும் இல்லாததால் புறஊதாக் கதிர் கடுமையாகப் பரவும், பளபளக்கும் தகட்டில் பட்டுத் திரும்பவும் செய்யும். அந்தப் பக்கம் நடந்துபோனவருக்கு ராத்திரி கண்ணில் மணல் விழுந்ததுபோல எரியும்போதுதான் காரணம் புரியும். வெல்டிங் திரை இல்லாத இடத்தில் டிக் போடவே கூடாது. ஹை ஃப்ரீக்வென்சி முறையில் ஆர்க் தொடங்கும் மெஷினாக இருந்தால் அருகிலுள்ள கணினியும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் தடுமாறலாம் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். துருவையும் எண்ணெயையும் ராடு ஓரளவு எரித்துத் தள்ளிவிடும். டிக்குக்குத் தகடு மாசில்லாமல் இருக்க வேண்டும். சுத்தம் செய்யும் அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பிரேக் கிளீனரை அடித்துத் துடைப்பவர்கள் உண்டு. அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் வெப்பத்திலும் கதிரிலும் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. அத்தகைய டப்பா வெல்டிங் அறைக்குள் இருக்கவே கூடாது. அசிட்டோனால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, புட்டியை மூடி எட்ட வைத்தபின் ஆர்க்கைத் தொடங்குங்கள்.

அமெரிக்காவில் 2006 முதல் 2017 வரை இயங்கிய டெக்‌ஷாப் என்ற பொதுப் பட்டறையில், சந்தா கட்டிய உறுப்பினரும் அந்தந்த மெஷினுக்கான பாதுகாப்பு வகுப்பை முடித்த பிறகே அதைத் தொட முடிந்தது. ராடுக்கு அப்படியொரு வகுப்பு போதும் என்பது என் எண்ணம். டிக்குக்கு வேலை முடிந்தபின் செய்ய வேண்டியவற்றையும் விதியாக்க வேண்டும்: முனையைத் தீட்டி வைப்பது, வால்வை மூடுவது, சிலிண்டர் மீட்டரின் அளவை நோட்டில் எழுதுவது. டங்ஸ்டன், அதைப் பிடிக்கும் காலெட், வாயுவை வழிநடத்தும் கப் மூன்றையும் ஒவ்வொருவரும் சொந்தமாகச் சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டால் சண்டையில் பாதி குறையும், செலவும் பெரிதில்லை. அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் தனித்தனி பிரஷ் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் பட்டறை முதலில் ராடு மெஷின் வாங்கட்டும். எவர்சில்வர், அலுமினிய வேலை உண்மையிலேயே வருகிறது, சிலிண்டருக்கும் டார்ச்சுக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால் டிக் வாங்கலாம். அந்த ஆள் கிடைக்காதவரை, பக்கத்தில் ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கூலி கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.