மாவுச்சத்து வளையமும் செயற்கை நொதியும்

தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் மரவள்ளிக் கொல்லைகளைப் பார்க்கலாம். கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்குவார்கள். பாயசத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் மாவுச்சத்துக்கு வேதியியலில் இன்னொரு கதையும் உண்டு.

1891-ல் வில்லியர்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் மாவுச்சத்தில் பாக்டீரியாவை வளர விட்டார். 1000 கிராம் மாவில் சுமார் 3 கிராம் புதுப் படிகம் கிடைத்தது. 1903 முதல் ஆஸ்திரியாவின் ஷார்டிங்கர் அதை விரிவாக ஆராய்ந்தார். அது குளுக்கோஸ் வளையம் என்பது 1930-களில் ஃப்ராய்டன்பர்க் குழுவின் ஆய்வில் தெளிவானது. இதுதான் சைக்ளோடெக்ஸ்ட்ரின். 6 குளுக்கோஸ் சேர்ந்தால் ஆல்ஃபா, 7 என்றால் பீட்டா, 8 என்றால் காமா.

பார்க்க அடியில்லாத டம்ளர் மாதிரி இருக்கும். வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும். உள்ளே எண்ணெய்த்தன்மை உள்ள மூலக்கூறுகள் போய் உட்காரும். நொதியும் இப்படித்தான்! முதலில் ஒரு குழியில் மூலக்கூறைப் பிடிக்கும், பிறகு பக்கத்தில் உள்ள வேதித்தொகுதிகளால் அதை மாற்றும். சைக்ளோடெக்ஸ்ட்ரினில் குழி தயார். வேதித்தொகுதியை ஒட்டினால் போதுமே?

அமெரிக்காவின் ரொனால்ட் பிரெஸ்லோ அதைத்தான் செய்தார். 1970-ல் வளையத்தோடு ஓர் உலோகத் தொகுதியை இணைத்தார். 1978-ல் பீட்டா வளையத்தில் இரண்டு இமிடசோல்களைப் பொருத்தினார். ஆர்.என்.ஏ.வை வெட்டும் ரிபோநியூக்ளியேஸ் நொதியிலும் வேலை செய்பவை இரண்டு இமிடசோல்கள்தான்.

எல்லாம் வெற்றியாக முடியவில்லை. 1980-களில் மைரன் பெண்டர் குழு, தங்கள் மாதிரி கைமோட்ரிப்சினுக்கு இணையான வேகம் காட்டுவதாக அறிவித்தது. சோதித்ததோ எளிதில் உடையும் எஸ்டர்களை. கைமோட்ரிப்சினின் உண்மையான வேலை புரதத்தின் உறுதியான பிணைப்பை வெட்டுவது. அதனால் அந்த ஒப்பீடு கடும் விமர்சனத்துக்கு ஆளானது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் காசி பிச்சுமணி குழுவினர் பீட்டா வளையத்தின் ஒரு விளிம்பில் இருந்த 7 ஹைட்ராக்சில்களுக்குப் பதில் 7 அமினோ தொகுதிகளை வைத்தனர். 2008-ல் தாமிர வினையூக்கத்துக்கும், 2010-ல் இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களில் ஒன்றை அதிகமாகத் தரும் ஹென்றி வினைக்கும் அதைப் பயன்படுத்திக் காட்டினர்.

ரிபோநியூக்ளியேஸில் 124 அமினோ அமிலங்கள். பீட்டா வளையத்தில் 7 குளுக்கோஸ் மட்டுமே. நொதியின் வேகத்தை இந்தச் சின்ன வளையம் எட்டவில்லை. ஆனால் பிடிக்கும் குழி எவ்வளவு உதவுகிறது, வெட்டும் தொகுதி எங்கே இருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சோதிக்க வழி தந்தது. அந்த வளையத்துக்கு மூலப்பொருள் மரவள்ளியிலும் இருக்கும் அதே மாவுச்சத்துதான்.