இங்கிலாந்தில் மறதிநோயை முன்கூட்டியே கண்டறிதல்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைத் தொடக்க நிலையிலேயே கண்டறிவதற்கு இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2009இல் தேசியத் திட்டம் ஒன்றை வகுத்தது. இலக்கு வைத்து, எட்டிய அளவை மாதந்தோறும் வெளியிடுவதால், இம்முயற்சியின் ஏற்றமும் இறக்கமும் எல்லார் கண்ணிலும் படுகின்றன.

அளக்கும் முறை

குடும்ப மருத்துவர்கள் 2006 முதல் மறதிநோயாளிகளுக்குத் தனிப் பதிவேடு வைத்துவருகிறார்கள். அதில் உள்ள 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கையை, அந்த வயதினரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் கிடைப்பதே கண்டறிதல் விகிதம். கேம்பிரிட்ஜ்ஷயர், நியூகாசில், நாட்டிங்ஹாம் பகுதிகளில் முதியோரை நேரில் பேட்டி கண்டு நடத்திய ஆய்வு இம்மதிப்பீட்டுக்கு அடிப்படை.

கண்டறியும் வழி

முதியோர் அனைவரையும் சோதிக்கும் முறை அங்கு இல்லை. மறதி தொல்லையாகிவிட்டதென்று நோயாளியோ குடும்பத்தாரோ மருத்துவரிடம் சொல்லவேண்டும். பல மருத்துவர்கள் பயன்படுத்துவது ஆறே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை. ஆண்டு, மாதம், உத்தேச நேரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். ஒரு பெயரையும் முகவரியையும் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணி, மாதங்களையும் பின்னிருந்து சொல்லி முடித்தபின் அந்த முகவரியைத் திருப்பிக் கேட்கிறார்கள். தவறுகளுக்கே மதிப்பெண், 28க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டும்.

தைராய்டு குறைபாடும் பி12 பற்றாக்குறையும்கூட மறதியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை உண்டு. சந்தேகம் நீடித்தால் மெமரி கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். விரிவான சோதனையும் தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் அங்கே நடக்கும்.

இலக்கும் பணமும்

2012இல் பிரதமர் டேவிட் கேமரன் மறதிநோயை அரசின் முன்னுரிமையாக அறிவித்தபோது, நோயுள்ளவர்களில் பாதிப்பேருக்குக்கூட நோய் உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை. 2015 மார்ச்சுக்குள் மூன்றில் இரண்டு பங்கினரைக் கண்டறிவது என இலக்கு வைத்தார்கள். அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்த 75 வயது கடந்தவர்களிடம், கடந்த 12 மாதங்களில் மறதி அன்றாட வாழ்வைப் பாதித்ததா என்று கேட்பதும் 2012இல் தொடங்கியது.

2014 அக்டோபரில் வந்தது சர்ச்சை. கூடுதலாகக் கண்டறியும் ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்ப மருத்துவருக்கு 55 பவுண்டு தரப்படும் என்ற அறிவிப்பை மருத்துவர்களே எதிர்த்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் நோயாளிக்கு மருத்துவர்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும் என்பது அவர்கள் வாதம். அந்தத் தொகை 2015 மார்ச்சோடு நின்றது. இலக்கு சில மாதங்கள் தாமதமாகக் கைகூடியது.

பின்னடைவும் புதிய முயற்சியும்

கொரோனா காலத்தில் மெமரி கிளினிக்குகள் மூடப்பட்டதால் 2021இல் விகிதம் சுமார் 62 விழுக்காட்டுக்கு இறங்கியது. கிளினிக்குகள் திறந்தபின் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. குடும்ப மருத்துவர் எவ்வளவு சீக்கிரம் சந்தேகித்தாலும், அடுத்த படியில் வரிசை நகராவிட்டால் விகிதம் உயர்வதில்லை.

சந்தேகத்துக்கும் உறுதிப்படுத்தலுக்கும் இடையிலான இந்தக் காலத்தைக் குறைக்க, மறதிநோய்க்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளை ஆராயும் திட்டம் 2023இல் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி நடத்தும் ஆய்வு பி-டௌ217 என்ற புரதத்தை அளக்கிறது. பங்கேற்பவர்களில் ஒரு பிரிவினருக்கு 3 மாதங்களுக்குள்ளும் மற்றவர்களுக்கு 12 மாதங்களுக்குப் பிறகும் முடிவு சொல்லப்படும். முடிவை முன்னரே அறிவது நோயை உறுதிசெய்வதை விரைவுபடுத்துகிறதா என்பதே அங்கு ஒப்பிடப்படுகிறது.