கராச்சி – டாக்கா: இருமடங்காக நீண்ட வான்வழி

கராச்சிக்கும் டாக்காவுக்கும் இடையே நேர்வான்வழியில் ஏறத்தாழ 2,360 கிலோமீட்டர். ஜெட் விமானத்திற்குச் சுமார் மூன்று மணி நேரப் பயணம். 1971 பிப்ரவரியில் இத்தொலைவு திடீரென இருமடங்காயிற்று. நிலம் அசையாமலே தொலைவு நீண்ட அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்.

1947இல் பிறந்த பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் நடுவே இந்தியா விரிந்து கிடந்தது. தொடக்கத்தில் ஓரியண்ட் ஏர்வேஸின் சிறு விமானங்கள் கராச்சியிலிருந்து தில்லி, கல்கத்தா வழியாகத் தங்கித் தங்கியே டாக்கா சென்றன. 1954 ஜூன் 7 அன்று சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் இடைநிற்காமல் பறக்கத் தொடங்கின. ஒரு நாட்டின் இரு பாதிகளையும் இணைத்த அந்தக் கோடு, அண்டை நாட்டின் வானத்தின் மீதே வரையப்பட்டிருந்தது.

1971 ஜனவரி 30 அன்று, ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்னும் இந்திய ஃபாக்கர் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. பயணிகள் விடுவிக்கப்பட்டனர், விமானமோ பிப்ரவரி 2 அன்று எரிக்கப்பட்டது. பிப்ரவரி 4 அன்று பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்பரப்பைக் கடப்பதற்கு இந்தியா தடை விதித்தது. கடத்தல் பாகிஸ்தானின் துணையோடு நிகழ்ந்தது என்றது இந்தியா; அது இந்தியாவே நடத்திய சூழ்ச்சி என்றது பாகிஸ்தான்.

எஞ்சியது இலங்கை வழி. கராச்சி–கொழும்பு–டாக்கா என நேர்கோடுகளாகக் கூட்டினாலே 4,500 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தியக் கரையைத் தவிர்த்துக் கடல்மேல் வளைந்து செல்ல வேண்டியிருந்ததால் உண்மையான தொலைவு அதனினும் மிகுதி. எரிபொருளும் நேரமும் ஒருங்கே பெருகின. மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்குவதற்கு முன்னும் பின்னும், படையினர் கிழக்கே சென்றது இந்த நீண்ட வழியில்தான்.

இத்தடையே பாகிஸ்தானைப் பிளந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகைக்கூற்று என்பது என் கருத்து. 1970 டிசம்பர் தேர்தலில் தேசிய அவையின் 300 பொது இடங்களில் அவாமி லீக் 160ஐ வென்றிருந்தது. மார்ச் 3 அன்று கூடவேண்டிய அவையை மார்ச் 1 அன்று ஒத்திவைத்தவர் யாஹியா கான். பெரும்பான்மை பெற்றவரிடம் ஆட்சியை ஒப்படைக்க மனமில்லாதபோது, மூன்று மணி நேரப் பயணமும் கடக்க முடியாத தொலைவாகிவிடுகிறது. வான்தடை அத்தொலைவின் செலவை உயர்த்தியது. அதை உண்டாக்கியது இஸ்லாமாபாத்தின் முடிவே.

இதன் பின்கதை இரண்டு. தடைக்கு எதிராகப் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் பாகிஸ்தான் முறையிட்டது. அம்முறையீட்டை விசாரிக்க அவ்வமைப்பின் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று பன்னாட்டு நீதிமன்றம் 1972 ஆகஸ்ட் 18 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் கிழக்குப் பாகிஸ்தானே இல்லை.

மற்றொன்று, சிறையிலிருந்து விடுதலையான முஜிபுர் ரகுமானின் பயணம். 1972 ஜனவரி 8 அன்று பாகிஸ்தான் விமானம் அவரை மேற்கே இலண்டனுக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் விமானத்தில் தில்லி வந்து, ஜனவரி 10 அன்று டாக்காவில் இறங்கினார். தம் ஊருக்குத் திரும்ப அவர் பாதி உலகைச் சுற்ற வேண்டியிருந்தது.

வரைபடம் கிலோமீட்டரை மட்டுமே சொல்லும். நகரங்களுக்கிடையே உள்ள தொலைவை அறிய, அவற்றை ஆண்டவர்களின் கோப்புகளையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.