கர்ணம் கட்டிலிருந்து கணினிப் பட்டா வரை



பட்டா, சிட்டா எல்லாம் இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். நல்ல வசதி. ஆனால் அந்தத் திரையில் தெரியும் பெயர் எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி 1993 செப்டம்பர் 30 வரை தென்னாற்காடு மாவட்டம். ஊர்க் கணக்கு கர்ணம் கையில் இருந்தது. பெரும்பாலும் பரம்பரைப் பதவி. அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் அவர் வீட்டில் துணிக்கட்டாக இருக்கும். வேண்டியவர், வேண்டாதவர் என்பதும் அந்தக் கணக்கில் ஏறியது உண்டு. ஆனால் எந்தக் கழனி யாருடையது, அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. பிறந்த குடும்பத்தைப் பார்க்காமல், தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். என் மாணவர்கள் சிலரும் அப்படி வி.ஏ.ஓ. ஆனார்கள். அது பெரிய சமூக மாற்றம்.

இதில் ஒரு சிக்கலும் சேர்ந்தது. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் 1979 ஜூன் முதல் 1987 ஏப்ரல் வரை நடந்தது. அந்த வேலை பாதியில் இருக்கும்போதுதான் ஊர்க் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தவர் வெளியே போனார். விடுபட்ட பெயர், மாறிய தகப்பனார் பெயர், தப்பான உட்பிரிவு எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

பிறகு கணினி வந்தது. பதிவேட்டில் என்ன இருந்ததோ, அதுவே ஏறியது. பிழை அழியவில்லை, அச்சில் அழகாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 2018-ல் பத்திரப் பதிவும் ஸ்டார் 2.0 என்று இணையத்துக்கு மாறிவிட்டது. விற்கப் போகும்போதுதான் பெயர் இல்லாதது தெரிகிறது. வாத்தியார் என்பதால் ஊரார் என்னிடம் மனு எழுத வருவார்கள். அதில் பாதி இந்த யு.டி.ஆர். பிழைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் பழைய பத்திரத்தையும் இணையத்தில் இருக்கும் சிட்டாவையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண், பரப்பு, பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். பழைய பத்திரத்தில் திண்டிவனம் தாலுகா என்று இருக்கும். உங்கள் ஊர் இப்போது மரக்காணம் தாலுகாவில் இருக்கலாம், அங்கும் தேடுங்கள். தவறு இருந்தால் தாலுகா அலுவலகத்திலோ ஜமாபந்தியிலோ மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

1987-ல் முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. "இது உங்க தாத்தா கழனிதான்" என்று சாட்சி சொல்ல அவர்கள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பழைய கடுதாசியைக் குப்பையில் போடாதீர்கள்.

பயனுள்ளது என்று தோன்றினால் பகிருங்கள்.