வீட்டில் பிறந்த விதிகளும் தோழமைத் திறனாய்வும்: அமெரிக்கப் பாத்திரமேற்பு விளையாட்டு இதழ்களில் கருத்துரை மரபு (1973–1980)

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் தாமே வகுத்த விளையாட்டு விதிகளைப் பிறர் படித்தும் ஆடியும் குறைநிறை கூறும் வழக்கம், 1970களின் அமெரிக்காவில் பாத்திரமேற்பு விளையாட்டுகளோடு சேர்ந்து வளர்ந்தது. ஆக்கத்தை மேம்படுத்தும் கருத்துரை, கூறுபவரின் நற்பண்பை மட்டும் சார்ந்ததன்று. அதற்கு இடமளித்த வெளியீட்டு முறையையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்னும் இதழ் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, வீட்டு விதி, அமெச்சூர் இதழாளர் சங்கம், கருத்துரை, ஆட்டச் சோதனை.

முன்னுரை

பாத்திரமேற்பு விளையாட்டில் ஒருவர் நடுவராக அமர்ந்து கற்பனை உலகை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வதை வாய்மொழியாகக் கூறுவர். விளைவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது பகடை முடிவு செய்யும். ஆடுபவர் எதையும் செய்ய முயலலாம் என்பதால், எழுதப்பட்ட விதிகள் எல்லாச் சூழலையும் முன்கூட்டியே அடக்கிவிட இயலாது. எஞ்சும் இடைவெளியை நடுவரே நிரப்ப வேண்டியுள்ளது. ஆகவே வீட்டு விதி என்பது இவ்விளையாட்டின் பிறழ்ச்சியன்று. அதன் இயல்பிலேயே அமைந்தது. அவ்வாறு நிரப்பியது சரியாக அமைந்ததா என்பதைத் தம் மேசைக்கு அப்பால் யாரிடம் கேட்பது என்ற வினா, இவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே எழுந்தது.

வரைவும் ஆட்டச் சோதனையும்

மின்னசோட்டா மாநிலத்தின் டேவ் ஆர்னெசன் 1971இல் ‘பிளாக்மூர்’ என்னும் தம் ஆட்டத்தைத் தொடங்கினார். 1972இன் இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் அதனைக் கேரி கைகாக்ஸ் முன்னிலையில் நடத்திக் காட்டினார். பின்னர் ஆர்னெசன் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டு கைகாக்ஸ் ஏறத்தாழ 50 பக்க வரைவொன்றை எழுதினார். 1973இல் அது சுமார் 150 பக்கங்களாக விரிந்தது. கைகாக்ஸின் பிள்ளைகளும் உள்ளூர் நண்பர்களும் ஆடிப் பார்த்ததோடு, வரைவின் படிகள் பிற ஊர்களிலிருந்த போர்விளையாட்டு ஆர்வலர்களுக்கும் அனுப்பப்பட்டன. 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் மூன்று சிறு நூல்கள் ஒரே பெட்டியில் 10 டாலர் விலைக்கு வெளிவந்தன. முதல் அச்சு 1000 படிகள்.

இவ்வரலாறு இருவகைக் கருத்துரைகளைப் பிரித்தறிய உதவுகிறது. ஒன்று, வாசித்துக் கூறுவது. மற்றொன்று, ஆடிப்பார்த்துக் கூறுவது. தாளில் தெளிவாகத் தோன்றும் விதி மேசையில் ஆட்டத்தைத் தேக்கிவிடக்கூடும். தாளில் சிக்கலாகத் தோன்றுவது பழக்கத்தில் எளிதாகிவிடவும் கூடும். விளையாட்டு விதியை ஓர் இலக்கியப் படைப்பைப் போல வாசிப்பால் மட்டும் மதிப்பிட முடியாததற்கு இதுவே காரணம்.

முன்னோடி மரபு: அமெச்சூர் இதழாளர் சங்கங்கள்

ஆர்வலர்கள் தம் ஆக்கங்களைத் தமக்குள் பரிமாறிக் குறைநிறை கூறும் அமைப்பு அமெரிக்காவில் முன்னரே இருந்தது. தேசிய அமெச்சூர் இதழாளர் சங்கம் 1876இல் பிலடெல்பியாவில் தோன்றியது. 1895இல் தோன்றிய ஐக்கிய அமெச்சூர் இதழாளர் சங்கத்தில் ‘பொதுத் திறனாய்வுத் துறை’ என்றே ஒரு பிரிவு இயங்கியது. பின்னாளில் திகில் கதைகளால் புகழ்பெற்ற எச். பி. லவ்கிராஃப்ட் 1914இல் அதன் தலைவரானார். உறுப்பினர்களின் சிற்றிதழ்களை வாசித்து அவற்றின் இலக்கணம், யாப்பு, நடை ஆகியவற்றை மதிப்பிடுவது அவர் பணி. அவருடைய அளவுகோல் முன்னரே வரையறுக்கப்பட்ட மரபிலக்கணம். ஆக்கத்தின் நோக்கம் அதில் இரண்டாம் இடமே பெற்றது.

1937இல் அறிவியல் புனைவு ஆர்வலர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் தொடங்கியபோது இம்முறை மாறியது. அங்கே திறனாய்வுக்கெனத் தனித் துறை இல்லை. ஒவ்வொருவரும் முந்தைய தொகுப்பில் எழுதிய மற்றவர்களைப் பெயர் சொல்லி விளித்துக் கருத்துரைத்தனர். சொல்ல எதுவும் இல்லாதபோது, ‘வாசித்தேன், மகிழ்ந்தேன், ஆனால் கருத்தில்லை’ என்று பொருள்படும் முதலெழுத்துச் சுருக்கமொன்றும் இத்தகைய சங்கங்களில் வழக்கிற்கு வந்தது. எழுதியவர் வாசிக்கப்பட்டார் என்பதை உறுதிசெய்வதும் கருத்துரையின் கடமையாகக் கருதப்பட்டதை இச்சிறு மரபு உணர்த்துகிறது.

‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’

லாஸ் ஏஞ்சலிஸ் அறிவியல் புனைவு ஆர்வலர்களின் வார இதழில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பற்றிய பேச்சு பெருகியதால், அதற்கெனத் தனி இதழ் தேவைப்பட்டது. லீ கோல்ட் 1975 ஜூன் மாதம் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். பங்களிப்பாளர் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்புவர். அவை படியெடுக்கப்பட்டு, ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, மாதந்தோறும் அஞ்சலில் சென்றன. புதிய விதிகள், மந்திரங்கள், அரக்கர் வகைகள், ஆட்ட விவரணைகள் ஆகியவற்றுடன் முந்தைய இதழ் பற்றிய கருத்துரைகளும் அதில் இடம்பெற்றன.

இவ்வமைப்பின் மூன்று கூறுகள் கருத்துரையின் தன்மையை வடிவமைத்தன. முதலாவது, சமநிலை. இந்த மாதம் குறை கூறுபவரின் ஆக்கம் அடுத்த மாதம் பிறர் கைக்குச் செல்லும். இரண்டாவது, காலம். இதழுக்கு இதழ் ஒரு மாத இடைவெளி இருந்தமையால், விதியை ஆடிப்பார்த்த பின் எழுத வாய்ப்பிருந்தது. மூன்றாவது, உழைப்பு. தட்டச்சு செய்து, படியெடுப்புச் செலவையும் ஏற்றுச் சொல்லவேண்டிய நிலையில், காரணம் காட்டாத இகழ்ச்சி பக்கத்தை வீணாக்கும் செயலாயிற்று. சண்டைகள் இல்லாமலில்லை. ஆயினும் சண்டையிட்டவரும் அடுத்த இதழில் அதே வாசகர் முன் எழுத வேண்டியிருந்தது.

அளவுகோலின் மாற்றம்

தொடக்கக் காலக் கருத்துரைகளில் ‘இது உண்மைக்குப் பொருந்துமா’ என்ற வினா ஓங்கி நின்றது. போர்விளையாட்டுப் பின்னணியிலிருந்து வந்தோருக்கு அது இயல்பான அளவுகோல். ஆனால் மந்திரமும் டிராகனும் உலவும் உலகில் எது உண்மை என்பதில் உடன்பாடு எளிதன்று. ஒருவர் வீரத்தை நாட, மற்றொருவர் தந்திரத்தையும் வேறொருவர் கதையையும் நாடினர். ஒரே விதி ஓரிடத்தில் பாராட்டும் இன்னோரிடத்தில் கண்டனமும் பெற்றது.

பாஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்த கிளென் பிளாகோ 1980இல் ‘டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலுக்கு விளக்கம் தந்தது. ஆட்டத்தின் நாட்டங்களை அவர் ஆற்றல் பெருக்கம், பாத்திரமேற்பு, போர்த்தந்திரம், கதையாக்கம் என நான்காகப் பகுத்தார். இப்பகுப்பின் பயன் திறனாய்வுக்கும் உரியது. ‘இவ்விதி நல்லதா’ என்ற வினா, ‘எந்த நாட்டத்திற்கு இவ்விதி நல்லது’ என்று மாறுகிறது. ஆக்கியோனின் நோக்கத்தை முதலில் கண்டறிந்து, அந்நோக்கத்திற்கு விதி துணை செய்கிறதா என்று பார்க்கும் நெறி இதிலிருந்து பெறப்படுகிறது.

வீட்டு விதி முழு விளையாட்டாக வளர்ந்ததற்கும் சான்றுண்டு. ஸ்டீவ் பெரின் 1976இல் கலிபோர்னியாவின் ‘டன்ட்ராகான்’ கூடுகையில் சண்டை விதிகளுக்கான தம் திருத்தங்களை முன்வைத்தார். அவரையே முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1978இல் ‘ரூன்குவெஸ்ட்’ வெளிவந்தது. ஒரு விளையாட்டின் மீதான திருத்தம், வேறொரு விளையாட்டின் விதையாயிற்று.

விதியின் உரிமை

கருத்துரை மரபு ஓர் உரிமைப் பூசலையும் தோற்றுவித்தது. இதழின் இரண்டாம் எண்ணுக்கு 1975இல் எழுதிய மடலில் கைகாக்ஸ், ஆட்டக்குழுக்கள் வெவ்வேறு முறைகளில் ஆடுவதை வரவேற்றார். 1978இல் ‘டிராகன்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையோ அமெச்சூர் இதழ்களையும் அவற்றின் மாற்று விதிகளையும் கடுமையாகச் சாடியது. 1977 முதல் 1979 வரை வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூல்கள் ஒருசீர்மையை வலியுறுத்தின. மூன்றாண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்தை மனமாற்றமாக மட்டும் கொள்ள இயலாது. விளையாட்டு வணிகப் பொருளாக வளர்ந்தபோது, திருத்தம் கூறும் வாசகர் போட்டியாளராகவும் தோன்றினார். கைகாக்ஸின் கவலையிலும் பொருளுண்டு: ஊருக்கொரு விதி என்றானால் பொதுப் போட்டிகள் நடத்த முடியாது. எனினும் எங்கோ ஒருவர் வகுத்த விதியை நிறைவானதென ஏற்பதாயின், அதுபற்றிக் கருத்துரைக்கும் தேவையே அற்றுப்போகும்.

முடிவுரை

‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ லீ கோல்டின் பொறுப்பில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்ந்தது. அதன் நீண்ட வாழ்வுக்கு அடிப்படையான நெறிகள் மூன்று: ஆக்கியோனின் நோக்கத்தை அறிதல், ஆடிப்பார்த்தபின் கூறுதல், கூறுபவரும் தம் ஆக்கத்தைப் பிறர்முன் வைத்தல். இன்றைய ஆய்விதழ்களில் மதிப்பீட்டாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. அது நடுநிலையைக் காக்கும் ஏற்பாடு. விளையாட்டு இதழ்களோ பெயரை வெளிப்படுத்தி, மதிப்பிடுபவரையும் மதிப்பீட்டுக்கு உட்படுத்தின. முன்னது தீர்ப்புக்கு ஏற்றது. பின்னது வளர்ச்சிக்கு ஏற்றது. இன்னும் முற்றுப்பெறாத ஆக்கத்திற்கு எது தேவை என்பதை இந்தச் சிறு வட்டத்தினரின் வரலாறு காட்டுகிறது.