வேதசாட்சி

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை ஏன் ‘சாட்சி’ என்கிறோம்? கிரேக்கத்தில் ‘மார்த்துஸ்’ என்றால் வழக்கில் சாட்சி சொல்பவர். கிறிஸ்துவுக்குச் சாட்சி சொன்னவர்கள் கொல்லப்படவே, அச்சொல்லில் இரத்தமும் ஏறிற்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அந்த ஒலி தங்கியது, பழம்பொருள் மங்கியது. தமிழில் பொருளே தங்கியது: கத்தோலிக்கரின் வேதசாட்சி, மறைசாட்சி, சீர்திருத்தச் சபையாரின் இரத்தசாட்சி. ‘சாட்சி’ வடமொழிச் சொல். கண்ணால் கண்டவர் என்பது அதன் அடிப்பொருள். சாவைத் தேடிப் போகிறவர் சாட்சியல்லர். கண்டதை மறுக்க மாட்டேன் என்று நின்று, அதனால் வரும் பாடுகளையும் ஏற்பவரே சாட்சி. மூன்றாண்டுச் சிறைவதைக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை அப்படி நின்றவர். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.